கைப்பிடி எந்தப் பக்கம்

கடுகுக்கு ஆறு வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை அவளுடைய அப்பா அவளைக் கதவு நிலையோடு சாய்த்து நிறுத்தி, வேலைக்கு எடுத்துப்போகும் இரும்பு டேப்பால் உச்சியிலிருந்து குதிகால்வரை அளந்தான்.

"எக்காத."

"எக்கலப்பா. நெஜமாவே வளந்துட்டேன்."

"அப்ப ஏன் குதிகால் தரையில படல?"

குதிகால் இறங்கியது. மூன்றடி எட்டு அங்குலம். அடுத்து தோளிலிருந்து நடுவிரல்வரை கை நீளம். கட்டைவிரலை அளந்தபோது அவள் கூச்சம் தாங்காமல் நெளிந்தாள். எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில், ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் கதவின் அளவுகளுக்குக் கீழே எழுதிக்கொண்டான்.

அவன் லிப்ட் மெக்கானிக். அளந்து பார்க்காத எதையும் நம்பாத ஜாதி. மகளுக்கு முதல் தூண்டில் வாங்குவதென்றால் சும்மா கடைக்குப் போய்க் கைகாட்டிவிட்டு வருகிற காரியமில்லை அவனுக்கு. "ஆறு வயசு முடியட்டும், ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் மூன்று வயதில் கேட்டபோதே வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்தவன் மறந்தாலும் வாங்கியவள் மறக்கவில்லை.

கடுகு என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் அழுத அழுகையில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் வாரத்தில் ஐந்து நாள் அம்மாவோடும் சனி ஞாயிறு அப்பாவோடும் இருந்தாள். அம்மா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அப்பா பெயின்ட் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். ஜன்னலைத் திறந்தால் டர்பன்டைன் வாசனை, மூடினால் வேர்வை.

பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. அவன் அவசர அழைப்பு வேலையில் இருந்தான். எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் வரும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். கடைசியில் ஒருநாள் அவன் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "யாரோ லிப்ட்ல மாட்டிக்கிட்டா பதினஞ்சு நிமிஷத்துல போயிடறீங்க. நான் இந்த வீட்ல ஏழு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன்." அடுத்த வாரம் குழந்தையோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவன் போன் செய்தால் குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவாள். மற்றதைத் தொட்டால் வைத்துவிடுவாள்.

அந்த நேரத்தில் கைகொடுத்தவன் நெட்டை.

நெட்டையும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அங்கே ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. முப்பது வருஷமாக நகமும் சதையும்தான். எது தவறினாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் உட்காருவது தவறியதில்லை. நெட்டைக்குக் கல்யாணம் ஆகவில்லை. தூண்டில் சாமான் விற்கும் கடையில் வேலை. இவனைவிட நாலு மாதம் இளையவன் என்பதால் இவன் மனைவியை "அண்ணி" என்பான். கடுகுக்குப் பேச்சு வந்ததும், "சித்தப்பான்னு கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்தவன் இவன்தான்.

"நான் போய்ப் பேசிப் பாக்கறேன்டா" என்றான் நெட்டை, பிரிந்த புதிதில். போனான். வந்து, "இப்ப வேணாம். கொதிக்கிற பாலைக் குடிக்க முடியுமா? ஆறட்டும்" என்றான். அப்புறம் மாதம் ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை போய்வந்தான். இவன் என்ன சொல்லச் சொன்னாலும் போய்ச் சொல்வான். அவள் சொன்னதாக எதையாவது கொண்டுவருவான். சமாதானத் தூதன் என்று இவன் கேலிகூடச் செய்வான்.

நெட்டை வேலை பார்த்த கடை ஒரு பஸ் அகலம்தான். சுவரோரமாகக் கம்புகள் நெருக்கியடித்து நின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரீல்கள். மூலையில் ஒரு குட்டி பிரிட்ஜ். அதில் மண்புழு டப்பாவும் நெட்டையின் மத்தியான சாப்பாடும் அக்கம்பக்கமாக இருக்கும். முதல் தடவை போனபோது, வாசலிலேயே தொங்கிய குழந்தை செட்டை மெக்கானிக் எடுத்துப் பார்த்தான். வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் கம்பு, கூடவே ஒரு பிளாஸ்டிக் மீன். ரீலைச் சுற்றினால் உள்ளே கறகறவென்று அரைபட்டது.

"பல்சக்கரம்கூட பிளாஸ்டிக்டா. நெஜ மீன் ஒண்ணு இழுத்தா எல்லாப் பல்லும் உதிர்ந்துடும்."

"பாதி அப்பனுங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறானுங்க" என்றான் நெட்டை. "ரெண்டாவது வாரமே பிள்ளைக்கு மீன்னாலே வெறுத்துடும்."

தன்னுடையதைப் போலவே ஆறடிக் கம்பாக ஒன்றைக் காட்டினான் மெக்கானிக்.

"மூணே முக்கால் அடிப் பிள்ளைக்கு ஆறடிக் கம்பா? அவ மீனைப் பிடிக்க மாட்டா, பக்கத்துல நிக்கிறவன் சட்டையைத்தான் பிடிப்பா. நாலடி போதும். நுனி வளையணும், அடி கெட்டியா இருக்கணும். ரீல் மூடின ரீலா இருக்கணும்."

மூடிய ரீலில் நரம்பு, அதாவது நைலான் இழை, ஒரு கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும். பின்னால் ஒரு பட்டன். அமுக்கிப் பிடித்துக்கொண்டு வீசி, வீசும்போது விட வேண்டும். நரம்பு தானாக ஓடும். திறந்த ரீல் என்றால் நரம்பை விரலில் மாட்டிப் பிடிக்க வேண்டும். சின்ன விரலுக்குச் சிக்கல்தான் மிஞ்சும், பாதி நாள் அப்பன் சிக்கெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

இரண்டாம் தடவை மெக்கானிக் சமையல் தராசோடு வந்தான். வீட்டில் கடுகைக் கட்டைவிரலால் தராசை அமுக்கச் சொல்லி எத்தனை கிராம் என்று எழுதி வைத்திருந்தான். இப்போது ஒவ்வொரு ரீலின் பட்டனையும் தராசில் கவிழ்த்து அமுக்கிப் பார்த்தான். நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டேய், இது மூணாவது மாடி பட்டன் இல்ல."

"சிரிடா. விரல் வலிச்சா அவ ஏரியையே வெறுத்துடுவா."

நரம்பு தேர்ந்தெடுக்கும்போதும் அப்படித்தான். லிப்ட் கயிறு என்றால் சுமையைப்போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் பாடம். "ஒரு கிலோ மீனுக்குப் பத்து கிலோ நரம்பா? ஏரியை வீட்டுக்கு இழுத்துட்டு வரப் போறாளா?" என்று கேட்டு, மெல்லிய நரம்பையே எடுத்து வைத்தான் நெட்டை. தூண்டில் முள்ளில் எதிர்முனை இல்லாததாகப் பார்த்து எடுத்தான். விரலில் குத்தினாலும் சதையைப் பிய்க்காமல் கழன்றுவரும். உண்மையிலேயே நன்றாகத் தேர்ந்தெடுத்தான். அதைப் பிற்பாடு மெக்கானிக்கால்கூட மறுக்க முடியவில்லை.

மூன்றாம் தடவை நிறம் பார்க்க வேண்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள் இரண்டுதான் இருந்தன.

"மஞ்சள்" என்றான் நெட்டை உடனே.

"சிவப்புதானே அவளுக்கு உசிரு?"

"அது போன வருஷம்." சொல்லிவிட்டு நெட்டை கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். "பசங்களுக்குப் பொதுவா மஞ்சள் பிடிக்கும்டா. தண்ணியோரமா வச்சாலும் கண்ணுக்குத் தெரியும்."

மெக்கானிக்குக் காரணம் சரியாகவே பட்டது. அவன் மனசு வேறு இடத்தில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே அவசர அழைப்பு வேலையை விட்டுவிட்டுப் பகல் பராமரிப்புப் பிரிவுக்கு மாறியிருந்தான். ஐந்து மணிக்கு மேல் போன் வராது. இதற்காக மேற்பார்வையாளர் பதவியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதை அவளிடம் போய்ச் சொல்லும்படி நெட்டையிடம் அன்றே சொல்லியிருந்தான். "சொன்னேன்டா. ஒண்ணும் சொல்லல" என்று பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை அவளையும் ஏரிக்கு வரச் சொல்றியா?" என்று இப்போது கேட்டான். "பிறந்தநாள். கடுகு முதல் மீனைப் பிடிக்கறத ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம். நான் கேட்டா போனை வச்சிடுவா. நீ சொன்னா கேப்பா."

நெட்டை துடைத்த துணியை மடித்து வைத்தான். "பாக்கலாம்டா" என்றான்.

அதற்குள் மெக்கானிக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பியபோது நெட்டை ரீலில் நரம்பு ஏற்றி, கம்போடு பொருத்தி, பெட்டியில் போட்டுக் கட்டியே முடித்திருந்தான். சனிக்கிழமை ஒரு செய்தி அனுப்பினான்: "அவங்களுக்கு ஞாயிறு டூட்டியாம். எனக்கும் சரக்கு வருது, வர முடியாது. நீயும் கடுகும் போங்க."

ஏரி ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால் இருந்தது. கரையில் சிமென்ட் படிகள். காலை ஏழு மணிக்கே ஆறேழு பேர் இடம் பிடித்திருந்தார்கள். கடுகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், பெட்டியைப் பிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டாள். மஞ்சள் கம்பு வெளியே வந்ததும் அதை மடியில் வைத்துத் தடவினாள்.

மெக்கானிக் ரீலைப் பார்த்து முகம் சுளித்தான். கைப்பிடி வலது பக்கம் இருந்தது. கடையில் இருந்த ரீல்கள் எல்லாவற்றிலும் இடது பக்கம்தான் வைத்திருப்பார்கள். வலது கையால் கம்பைப் பிடித்து வீசி, இடது கையால் சுற்ற வேண்டும். அவன் அப்படித்தான், ஊரே அப்படித்தான்.

"தூக்கக் கலக்கத்துல மாட்டியிருக்கான் உன் சித்தப்பன்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்தான். "இரு, ஒரு நிமிஷம். இந்தத் திருகைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிடலாம்."

"மாத்தாதப்பா" என்றாள் கடுகு. "எனக்கு இந்தப் பக்கம்தான் வரும்."

திருப்புளி திருகின்மேல் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

கடுகு ஏரியைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு குழந்தைகளுக்கே உரிய அவசரத்தோடு, "தெரியாது. சும்மா சொன்னேன்" என்றாள்.

அவன் திருப்புளியைப் பையில் போட்டுவிட்டு முள்ளில் இரையைக் கோர்த்து, தக்கையைச் சரிசெய்து, கம்பை நீட்டினான். அவள் இடது கையால் வாங்கினாள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால்தான். ஆனால் எறிவதற்கு அவளுக்கு இடது கைதான் வரும் என்பது அந்த நிமிஷம்வரை அவனுக்குத் தெரியாது. அவள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பட்டனை அமுக்கினாள், கம்பைத் தோளுக்குமேல் கொண்டுபோனாள், வீசினாள், சரியான நொடியில் விட்டாள். தக்கை இருபதடி தூரத்தில், நாணலோரம், சத்தமில்லாமல் விழுந்தது. ரீலை அரைச் சுற்றுச் சுற்றி நரம்பைப் பூட்டினாள்.

அப்படி வீச மெக்கானிக்குக் கற்றுக்கொள்ள ஒரு கோடைகாலம் முழுக்க ஆனது.

இரண்டாவது படியில் இருந்த பெரியவர், "பாப்பா நல்லாப் பழகியிருக்கே" என்றார். கடுகின் காது சிவந்தது. அடுத்த முறை வீசும்போது வேண்டுமென்றே தப்பாக வீசினாள். நரம்பு காலடியிலேயே விழுந்தது. "எனக்கு வரலப்பா, சொல்லிக்கொடு" என்றாள். அவளுடைய நடிப்பு அவ்வளவு மோசமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

அவன் கம்பை வாங்கி ஏரியில் வீசிக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடுகு. அப்பா கோவிக்க மாட்டேன். யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாருமில்ல."

"சரி."

கொஞ்ச நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் உதடு கோணியது.

"சித்தப்பா சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. அப்பாதான் முதல் தடவை கூட்டிட்டுப் போறதா நினைச்சுக்கிட்டு இருக்காரு, சொன்னா அழுவாருன்னு சொன்னாரு. நீ அழுவியா?"

"மாட்டேன்."

"நாலு தடவை போனோம். பெரிய பாலத்துக்கிட்ட, இங்க இல்ல. அம்மாவும் வந்தாங்க. நான் மூணு மீன் பிடிச்சேன்." சொல்லி முடித்துவிட்டு அழுதாள். "இன்னிக்குப் பிடிக்கறதையே முதல் மீன்னு வச்சுக்கலாம்பா."

அவன் அவள் தலையைத் தன் விலாவோடு அணைத்துக்கொண்டான். தக்கை முங்கியது. இருவருமே கவனிக்கவில்லை, பெரியவர்தான் குரல் கொடுத்தார். கடுகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை. பெரியவர் கை தட்டினார். மெக்கானிக்கும் தட்டினான். முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டான். ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். அவனுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. மஞ்சள். "அது போன வருஷம்." நேற்று வந்த செய்தியில் "அவங்களுக்கு டூட்டியாம்" என்று எழுதியிருந்தான். "அண்ணிக்கு" என்றில்லை. எப்போதிலிருந்து நெட்டை "அண்ணி" என்பதை விட்டான் என்று யோசித்துப் பார்த்தான். ஒரு வருஷத்துக்குமேல் இருக்கும். காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்கவில்லை.

வழக்கமாகக் குழந்தையை வாசல் கேட்டிலேயே விட்டுத் திரும்புகிறவன், அன்று சாயங்காலம் அவளோடு மாடிப்படி ஏறிப் போனான். மனைவி கதவைத் திறந்தாள். வேலையிலிருந்து வந்தவளாகத் தெரியவில்லை, தலைக்குக் குளித்து வீட்டு உடையில் இருந்தாள். கடுகு கம்போடு உள்ளே ஓடினாள்.

"நல்லா வீசறா" என்றான் அவன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"அவ ஏன் அழுதிருக்கா?"

"ஒரு ரகசியத்தை வயித்துல வச்சுக்கிட்டு இருந்தா. இறக்கி வச்சிட்டா."

"என்ன ரகசியம்?" அவள் நெற்றி சுருங்கியது. "நாங்க பாலத்துக்குப் போனதா? அது உங்களுக்குத் தெரியுமே. எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டதா அவரு ஆறு மாசம் முன்னாடியே சொன்னாரே. உங்களுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ஏத்துக்கிட்டீங்க, அதைப் பத்தி யாரும் உங்ககிட்ட பேச வேணாம்னு கேட்டுக்கிட்டீங்கன்னு சொன்னாரு. அதனாலதான் நானும் பேசல."

மெக்கானிக் சுவரில் கை வைத்துக்கொண்டான்.

"நான் பகல் வேலைக்கு மாறினதைச் சொன்னானா?"

"எப்ப மாறினீங்க?"

"எட்டு மாசமாச்சு. இன்னிக்கு ஏரிக்கு உன்னைக் கூப்பிடச் சொன்னேன். டூட்டின்னு சொல்லிட்டியாமே."

அவளுக்கு அன்று டூட்டியே இல்லை. அதை வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே கடுகு டிவி போட்ட சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்கும்போதே தெரிந்தது.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. "தெரியல" என்றாள். "வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ஆனா அதை நான்தானே முடிவு பண்ணியிருக்கணும். எனக்காக அவரு பண்ணிட்டாரு." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது நீங்களே வந்து இந்தக் கதவைத் தட்டி, வேலை மாறிட்டேன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் ஆள் அனுப்பினீங்க?"

காரணம் அவனுக்குத் தெரியும். கதவைத் தட்டப் பயம். தூதன் இருக்கிறானே என்ற சௌகரியம்.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனான். நெட்டை அவனைப் பார்த்ததும் கையிலிருந்த ஈயக்குண்டுப் பெட்டியைக் கீழே வைத்தான். அவள் போனில் பேசியிருப்பாள். நெட்டையின் முகம் வெளுத்திருந்தது, தூங்கவில்லை.

"உக்காருடா."

"உக்கார வரல. எப்ப இருந்து?"

"ஒரு வருஷம்." நெட்டை கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "முதல்ல ஒண்ணுமே இல்லடா. சத்தியமா உனக்காகத்தான் போனேன். குழாய் ஒழுகுதும்பாங்க, சரி பண்ணுவேன். கடுகுக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் கூட இருந்தேன். அப்புறம் எப்பன்னு எனக்கே தெரியல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்கிட்ட சொல்லிடணும்னுதான் ஏரிக்கு வருவேன். நீ அவங்களைப் பத்தியே பேசுவ. எப்படிச் சொல்ல?"

"எப்படிச் சொல்லன்னு தெரியல. சரி. நான் சொன்னதை அவகிட்ட சொல்லாம இருக்க மட்டும் தெரிஞ்சுதா?"

நெட்டை ஈயக்குண்டுப் பெட்டியை மூடினான்.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். ஆபீஸ் பை, கழுத்தில் அடையாள அட்டை. வாசலில் தொங்கிய வாத்துப் படம் போட்ட செட்டைக் காட்டி, "என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. இது சரியா வருமாங்க?" என்று கேட்டார். நெட்டை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வந்தவர் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார்.

"அது வேணாங்க" என்றான் மெக்கானிக். "பொம்மை அது. நாலடிக் கம்பு, மூடின ரீல் கேளுங்க. அந்த மேல் வரிசையில இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி பொண்ணு எந்தக் கையால எறியுதுன்னு ஒரு பந்து கொடுத்துப் பாருங்க. நமக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கும். தெரிஞ்சிருக்காது."

அவர் சங்கடத்தோடு, அப்புறம் வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

"உன்னை அடிக்கணும்னுதான் வந்தேன்" என்றான் மெக்கானிக். "வழியெல்லாம் கை துடிச்சுது. இப்ப அதுகூட வரல. அவ உன்னை விரும்பறா, நீ அவளை விரும்பற. அது என் தலைவிதி, அழுதுட்டுப் போறேன். கூட இருந்தே குழி பறிச்ச, அதையும் ஒரு நாள் செரிச்சுக்குவேன். ஆறு வயசுப் பிள்ளையைப் பொய் சொல்ல வச்சடா நீ. என் முன்னாடி தூண்டிலைத் தப்பா வீசிக் காட்டுது, எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு. அதை எங்க கொண்டு போய் வைப்ப?"

நெட்டை அழுதான். முப்பது வருஷத்தில் அவன் அழுது மெக்கானிக் பார்த்தது அவன் அம்மா இறந்தபோது ஒரே ஒரு தடவை. அன்று தோளைக் கொடுத்தவன் இவன். இன்றும் கை தன்னையறியாமல் ஒரு அங்குலம் நகர்ந்தது. அதை இழுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

மனைவி நெட்டையை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. மெக்கானிக்குக்கூட ஒரு நாள் நம்பிக்கை எட்டிப் பார்த்தது. ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவரை போனான். தானே போய்க் கதவைத் தட்டலாம் என்று. அவளே இறங்கி வந்தாள். இருவரும் எதிரில் இருந்த கடையில் டீ குடித்தார்கள். அவள் அவனுடைய வேலையைப் பற்றி விசாரித்தாள், அறையைப் பற்றி விசாரித்தாள். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "காலம் கடந்து போச்சு" என்றாள். "யார் மேல தப்புன்னு கணக்குப் பாத்துக்கிட்டே எங்கிட்ட வராதீங்க. எனக்கு அவரு மேல கோவம் இருக்கு. ஆனா கோவம் மட்டும்தான் இருக்குன்னு சொன்னா அது பொய்." மூன்று வாரம் கழித்து நெட்டை மறுபடி அங்கே வர ஆரம்பித்தான்.

அது அவனைக் கொன்றது. குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நியாயம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று அவன் எங்கோ நம்பியிருந்தான். பழுதைக் கண்டுபிடித்தால் லிப்ட் ஓடும். இது ஓடவில்லை. ஏமாற்றியவன் அழுது முடித்துவிட்டு உள்ளே போனான். ஏமாந்தவன் வெளியே நின்றான்.

கடுகை மட்டும் அவன் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளை உட்கார வைத்துச் சொன்னான்: "என்கிட்ட எதையும் மறைக்க வேணாம். யார் சொல்லச் சொன்னாலும் சரி, சொல்லக்கூடாதுன்னாலும் சரி. எது நடந்தாலும் அப்பாகிட்ட சொல்லலாம். அப்பா தாங்கிக்குவேன்."

"அழ மாட்டியே?"

"மாட்டேன்."

அவள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். இப்போது ஞாயிறுதோறும் காலையில் ஏரிப் படியில் உட்கார்ந்து, இடது கையால் அழகாக வீசிவிட்டு, ஒரு வாரத்துச் சேதி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். சித்தப்பா சட்டையெல்லாம் எங்க வீட்டுப் பீரோவில இருக்கு. சித்தப்பா ஆம்லெட் சுட்டுட்டாரு, கருகிடுச்சு, அம்மா சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அம்மா பாட்டுப் பாடறாங்கப்பா, உனக்குத் தெரியுமா அவங்களுக்குப் பாடத் தெரியும்னு?

"தெரியாது" என்றான் அவன், முள்ளில் புழுவைக் கோர்த்துக்கொண்டே. "என்ன பாட்டு?"

அவள் யோசித்து, இரண்டு வரியை இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினாள். அவன் கடைசிவரை கேட்டான்.